தாத்தாவின் பட்டாளக் கதை பாட்டியிடம் இருந்தது

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் பக்கம் நின்று பிரிட்டிஷாரோடு மோதிய இந்திய தேசிய ராணுவத்துக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்களைப் பற்றிப் பேச்சு எடுத்தால் இரண்டு கதைகள்தான் காதில் விழும். நேதாஜி பேசினார், பெண்கள் நகையைக் கழற்றிக் கொடுத்தார்கள், இளைஞர்கள் துப்பாக்கி ஏந்தினார்கள் என்பது ஒன்று. சயாம் (தாய்லாந்து) ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போய்விடுவான் என்று பயந்து, தப்பிக்க வழி தேடிப் பட்டாளத்தில் சேர்ந்தார்கள் என்பது இன்னொன்று. என் தாத்தா எதற்காகச் சேர்ந்தார் என்று எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் சண்டை நடக்கிறது. பெரியத்தைக்கு முதல் கதை. சித்தப்பாவுக்கு இரண்டாவது. தீபாவளிக்குக் கூடினால் சாப்பாடு முடிந்ததும் இதுதான்.

தாத்தா முசிறிப் பக்கத்துக்காரர். கல்யாணம் ஆன கையோடு கங்காணி மூலம் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, பினாங்கில் இறங்கி, பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர். 1938ல் இந்திய அரசு கூலி ஆட்களை மலாயாவுக்கு அனுப்புவதை நிறுத்தியது. அதற்கு முன் வந்தவர்களில் அவரும் ஒருவர். 1943ல் பட்டாளத்துக்குப் போகும்போது லயத்து வீட்டில் (தொழிலாளர்களின் வரிசை வீடு) மனைவியும் இரண்டு சின்னப் பிள்ளைகளும் இருந்தார்கள். மூன்றாவது வயிற்றில். திரும்பி வந்து மறுபடியும் ரப்பர் மரத்தில் பால் எடுத்தார். பதவி கிடையாது, பதக்கம் கிடையாது, எந்தப் புத்தகத்திலும் பெயர் இல்லை. பட்டாளத்தைப் பற்றி வீட்டில் வாயே திறக்க மாட்டார். கூத்தடிக்கிற பேரப்பிள்ளைகளை ‘சாவ்தான்’ (அசையாமல் நில் என்கிற பட்டாள உத்தரவு) என்று ஒரு அதட்டல் போட்டு நிறுத்துவார், அவ்வளவுதான்.

அவர் இறந்த பிறகுதான் எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை வந்தது. மிச்சம் இருந்தது பாட்டி. ஒரு டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு அவரைப் பேச வைத்தேன். இப்போது பெரியத்தையிடம் போனில் பதிவு செய்கிறேன். அப்பாவோ தாத்தாவோ இப்படி எங்காவது சிப்பாயாக இருந்து, கையில் ஒரு காகிதமும் இல்லாமல் தேட ஆரம்பிக்கிறவர்களுக்கு உதவும் என்று எனக்குப் பிடிபட்டதை எழுதுகிறேன்.

முதலில், சண்டையைப் பற்றிக் கேட்காதீர்கள். ‘தாத்தா எங்கே சண்டை போட்டார்?’ என்று கேட்டபோது பாட்டி சொன்ன பதில், “யாருக்குத் தெரியும்?” அதோடு டேப்பில் நீளமாகச் சத்தமே இல்லை. அடுத்த நாள் கேள்வியை மாற்றி, ‘அவர் போனப்புறம் நீங்க எப்படிப் பசியாறினீங்க பாட்டி?’ என்றேன். ஒரு பக்க கேசட் தீர்ந்தது. மரவள்ளிக்கிழங்கைத் துருவிப் பிழிந்து மாவாக்கியது, அரிசிக்குக் கிலோமீட்டர் கணக்கில் நடந்தது, உடுத்தத் துணி இல்லாமல் சாக்கைத் தைத்தது, விடியாமலே பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடம்) ஆள் கூப்பிட்டது. விடியாமலே ஏன் என்பது எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது. ஜப்பானியர் மலாயாவின் கடிகாரத்தை டோக்கியோ நேரத்துக்கு, அதாவது ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். கடிகாரம் ஆறு என்று சொல்லும்போது வெளியே கும்மிருட்டு.

சாப்பாட்டைச் சொல்லிக்கொண்டே வந்தபோதுதான் பாட்டி தானாகப் பட்டாளத்துக்கு வந்தார். “ரயிலுக்குப் பேரு எழுத வர்றாங்கன்னு ஊரே பேசிக்கிட்டுருக்கு. இவரு பட்டாளத்துக்குப் பேரு குடுத்துட்டு வந்து நிக்கிறாரு. ஏங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. வயித்துல புள்ளைய வச்சிக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்னு யோசிச்சாரா?” பாட்டிக்கு நேதாஜி மேல் கோபம் இல்லை. தாத்தா மேல்தான். பாட்டி காதில் கிடந்த தோட்டையும் தாத்தா இந்திய சுதந்திரச் சங்கத்து நிதிக்குக் கொடுத்துவிட்டார் என்பது தனிக் கோபம். அதைக் கடைசி வரை மன்னிக்கவில்லை.

இதைக் கேட்டதும் சித்தப்பா கட்சி ஜெயித்துவிட்டது என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் விஷயம் வேறு மாதிரி இருக்கிறது. 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போனது பெரும்பாலும் 1943ல். அந்த வருஷம் அக்டோபரில் பாதை இணைந்தது. சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து இறங்கியது 1943 ஜூலை 2. ஜூலை 5ந்தேதி பாடாங் திடலில் படையைப் பார்வையிட்டார். அப்புறம் மலாயா முழுக்கச் சுற்றிப் பேசினார். அக்டோபர் 21ல் சிங்கப்பூர் கேத்தே அரங்கில் ஆசாத் ஹிந்த் (சுதந்திர இந்தியா) அரசை அறிவித்தார். ரயிலும் நேதாஜியும் ஒரே வருஷம் ஒரே லயத்து வாசலுக்கு வந்திருக்கிறார்கள். இதில் எது காரணம் என்று பிரிக்கச் சொல்வது நாம் செய்கிற வேலை. அன்றைக்கு வாசலில் நின்ற ஆளுக்கு அப்படிப் பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியம் இருந்திருக்காது.

இன்னொன்றும் உண்டு. தோட்டத்தில் சைக்கிளில் போகிற தொழிலாளி எதிரே துரையோ கிராணியோ (தோட்டத்து எழுத்தர்) வந்தால் இறங்கி, தள்ளிக்கொண்டு போக வேண்டும். 1941ல் கிள்ளான் பகுதித் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் இந்த வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் ஒன்று. அந்த வாழ்க்கையில் இருந்த ஆளிடம் வந்து, ‘நீ ஒரு நாட்டின் சிப்பாய்’ என்று ஒருவர் சொல்கிறார். கையில் துப்பாக்கி கொடுக்கிறார். பட்டாளத்தில் உத்தரவெல்லாம் இந்துஸ்தானியில். பாடங்கள் ரோமன் எழுத்தில். எங்கள் தாத்தா ஆங்கில எழுத்தில் பெயர் எழுதப் பழகியது அங்கேதான். திரும்பி வந்த பிறகு அவர் எவருக்காகவும் சைக்கிளை விட்டு இறங்கவில்லை என்று பெரியத்தை சொல்கிறார். சம்பளம் பிடித்தார்களாம், அப்படியும் இறங்கவில்லை. ரயிலுக்குப் பயந்து மட்டும் போன ஆள் இப்படித் திரும்பி வருவாரா என்பது பெரியத்தையின் வாதம். நான் பெரியத்தை பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறேன், ஒத்துக்கொள்கிறேன்.

ரயில் விஷயத்தில் ஒரு விசித்திரம். 1944ல் மலாயாவிலிருந்து இந்திய தேசிய ராணுவத்தின் ஆட்கள் பர்மாவுக்குப் போன வழிகளில் அந்த ரயில் பாதையும் ஒன்று. எதில் வேலைக்குப் போய்ச் செத்துவிடுவோம் என்று தாத்தா பயந்தாரோ, அதே தண்டவாளத்தின் மேல் சரக்குப் பெட்டியில் உட்கார்ந்து போயிருக்கிறார். பாட்டியிடம் அவர் விவரமாகச் சொன்ன ஒரே சம்பவம் இதுதான். இரவில் வண்டி எங்கோ காட்டுக்குள் நின்றது. கீழே இருட்டில் ஆட்கள். பாதையைப் பராமரிக்க அங்கேயே நிறுத்திவைத்த தோட்டத்துக்காரர்கள். பெட்டிக்குள் தமிழ்க் குரல் கேட்டதும் ஓடி வந்து, “எந்தத் தோட்டம்? எந்தத் தோட்டம்?” என்று கேட்டிருக்கிறார்கள். ஒருவன் உப்பு கேட்டானாம். தாத்தா இடுப்பு முடிச்சில் வைத்திருந்த உப்பைப் பொட்டலத்தோடு கொடுத்திருக்கிறார். வண்டி நகர்ந்த பிறகுதான் அவன் பேரைக் கேட்காமல் விட்டோமே என்று தோன்றியதாம். அவன் வீட்டுக்குச் சேதி சொல்லியிருக்கலாம். இதைச் சொல்லும்போது பாட்டி, “உப்பு இல்லாம எப்படிடா இருப்பான் மனுசன்” என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். பட்டாளத்தைப் பற்றிக் கேட்டிருந்தால் இது வந்திருக்காது. ‘வழியில் என்ன சாப்பிட்டார்?’ என்று கேட்டதற்கு வந்தது.

இடங்களின் பெயரையும் நேராகக் கேட்டுப் பயனில்லை. பர்மாப் பெயர்கள் அவர் வாயில் ஒரு மாதிரி, பாட்டி காதில் இன்னொரு மாதிரி. கண்ணுக்குத் தெரிந்ததைக் கேளுங்கள். மலையா, ஆறா, மழையா, வெயிலா? பாட்டிக்கு ஞாபகம் இருந்தது இவ்வளவுதான்: ஒரு பெரிய ஆறு, மணல், கரையில் எங்கே திரும்பினாலும் கோயில், ஒரு கோயிலிலும் சாமி கும்பிட ஆள் இல்லை, மழையே கிடையாது. வரைபடத்தை விரித்தால் ஐராவதிக் கரையில் பகான். ஆயிரக்கணக்கில் பழைய பௌத்தக் கோயில்கள் நிற்கிற ஊர். 1945 பிப்ரவரி 14ல் பிரிட்டிஷ் படை அதற்குப் பக்கத்தில் ஞாங்குவில் ஆற்றைக் கடந்தது. எதிரே கரையைக் காத்து நின்றது ஜி.எஸ். தில்லான் தலைமையிலான நான்காவது கெரில்லா ரெஜிமென்ட். நேரு ரெஜிமென்ட் என்றும் சொல்வார்கள். மலாயாவில் சேர்ந்த தமிழர்கள் அதில் நிறையப் பேர். பீரங்கி, டாங்கி, விமானம் என்று வந்த படைக்கு எதிரே இவர்களிடம் இருந்தது துப்பாக்கியும் கொஞ்சம் இயந்திரத் துப்பாக்கியும். பிடிபட்டவர்கள் போக மற்றவர்கள் போப்பா மலைப் பக்கம் பின்வாங்கினார்கள். மணிப்பூரில் இம்பால், மொய்ராங் என்று எல்லாரும் தேடுவது 1944க் கதை. எங்கள் குடும்பத்திலும் தாத்தாவை இம்பாலில்தான் வைத்திருந்தார்கள். கோயிலும் மணலும்தான் அவரை ஒரு வருஷம் தள்ளி, ஆற்றங்கரையில் கொண்டுவந்து நிறுத்தின.

தேதிக்கும் இதே வழிதான். ‘எந்த வருஷம்?’ என்றால் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். எந்தப் பிள்ளை பிறந்ததற்கு முன், எந்தத் தைப்பூசத்துக்குப் பின் என்று கேட்டால் கணக்குச் சரியாக வரும். பெரியத்தை அப்பா போனதைத் தம்பிக்கு அம்மை போட்ட நாளோடு சேர்த்து வைத்திருக்கிறார். அந்தக் காலத்து ரசீதோ அடையாளச் சீட்டோ கிடைத்து அதில் 2603, 2604 என்று வருஷம் இருந்தால் குழம்ப வேண்டாம். ஜப்பானிய அரச வருஷம் அது. 660ஐக் கழியுங்கள்: 1943, 1944.

பெரியவர்கள் சொல்வது வரலாற்றோடு முட்டினால் உடனே பொய் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ‘42லேயே சேர்ந்துவிட்டார், நேதாஜியோடு இருந்தார்’ என்று ஒருவர் சொன்னால், 42ல் நேதாஜி ஜெர்மனியில் அல்லவா இருந்தார் என்று மடக்கத் தோன்றும். ஆனால் 1942ல் மோகன் சிங் அமைத்த முதல் இந்திய தேசிய ராணுவம் ஒன்று இருந்தது. டிசம்பரில் அது கலைந்தது. போஸ் வந்த பிறகு மறுபடி உருவானது. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்லியிருப்பார்.

இங்கேதான் தேடுகிறவர்கள் கட்டாயம் பிரித்துக்கொள்ள வேண்டிய ஒன்று வருகிறது. உங்கள் ஆள் முதலில் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இருந்தவரா, நேராகத் தோட்டத்திலிருந்து போனவரா? 1942 பிப்ரவரி 15ல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. இரண்டு நாள் கழித்து ஃபேரர் பார்க் திடலில் சுமார் 45,000 இந்தியச் சிப்பாய்களைக் கைதிகளாக ஒப்படைத்தார்கள். அவர்களிலிருந்து சேர்ந்தவர் என்றால் பழைய ரெஜிமென்ட்டில் பதிவு இருக்கும். போருக்குப் பிறகு இவர்களைத்தான் பிரிட்டிஷார் விசாரித்து, யார் எவ்வளவு மனதோடு சேர்ந்தார்கள் என்று பார்த்து, வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று வகை பிரித்தார்கள். டெல்லி செங்கோட்டையில் விசாரணைக்கு நின்ற ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் மூவரும் இப்படி வந்தவர்கள்தான். தோட்டத்திலிருந்து போனவர் பிரிட்டிஷ் ராஜாவுக்குச் சத்தியம் செய்த சிப்பாயே கிடையாது. அதனால் ராணுவ நீதிமன்றமும் இல்லை, ரெஜிமென்ட் ஏடும் இல்லை. ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். தாத்தா போர் முடிந்த மறு வருஷம் கப்பலில் வந்து இறங்கினார். தண்டனை இல்லை என்பது நல்லதுதான். ஆனால் காகிதமும் இல்லாமல் போயிற்று. காமன்வெல்த் போர்க் கல்லறைப் பட்டியலில் இப்படிப்பட்டவர் பெயரைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், அது பிரிட்டிஷ் பக்கத்துப் படைகளுக்கானது.

அப்படியென்றால் எங்கே தேடுவது? புதுடெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் இந்திய தேசிய ராணுவக் கோப்புகள் இருக்கின்றன. ‘அபிலேக் படல்’ என்ற அவர்களுடைய இணையதளத்தில் நிறைய ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார்கள். தாத்தா பெயரைப் போட்டுத் தேடினால் ஒன்றும் வராது. கோப்பின் தலைப்பைத்தான் அது தேடும். படைப் பிரிவு, முகாம், ஊர் என்று தேடி, கோப்பைத் திறந்து, பக்கம் பக்கமாகக் கண்ணால் பார்க்க வேண்டியதுதான். சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்தைப் பற்றிய வாய்மொழிப் பதிவுகள் உண்டு, தமிழில் பேசியவையும் சேர்த்து. என்னைக் கேட்டால் கோப்புகளை விட முதலில் அதைக் கேளுங்கள். வேறு தோட்டம், வேறு ஆள், ஆனால் அதே முகாம் சாப்பாட்டையும் அதே காய்ச்சலையும் ஒருவர் தன் குரலில் சொல்லக் கேட்டுவிட்டு வீட்டுப் பெரியவரிடம் போனால், கேட்கிற கேள்வியே வேறாக இருக்கும். நான் ஒரு பதிவில் பர்மாவின் மலை ஊரான மேமியோவில் இருந்த ஆஸ்பத்திரியைப் பற்றிக் கேட்டுவிட்டு வந்து பெரியத்தையிடம் அந்தப் பெயரைச் சொன்னேன். “அதான்! மேமியோ, குளிரும்னு சொல்லுவாரு” என்றார். மலேரியாவில் அங்கே கிடந்திருக்கிறார். அதற்கு முன் அந்த ஊர்ப் பெயர் எங்கள் வீட்டில் யார் வாயிலும் வந்ததில்லை.

பெயர் விஷயம் பெரிய தலைவலி. கப்பலில் எழுதியவர் ஒருவர், தோட்டத்துக் கிராணி ஒருவர், பட்டாளத்தில் பஞ்சாபி எழுத்தர் ஒருவர், அடையாள அட்டை கொடுத்த மலாய் அதிகாரி ஒருவர். நாலு பேரும் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். அப்பா பெயர் முன்னால் போயிருக்கும், சாதிப் பட்டம் ஒட்டியிருக்கும், வயது எல்லாம் குத்துமதிப்பு. வீட்டில் இருக்கிற எல்லாக் காகிதத்திலும் பெயர் எப்படி எழுதியிருக்கிறது என்று ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு தேடுங்கள். குடியுரிமைக்கு எழுதிப் போட்ட பழைய விண்ணப்பத்தின் நகல் கிடைத்தால் தங்கம். மலாயாவுக்கு வந்த விவரமும் இருந்த தோட்டங்களும் ஒரே இடத்தில் கிடைக்கும். எங்கள் தாத்தா கடைசி வரை சிவப்பு அடையாள அட்டைக்காரர் (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசி). இந்தியாவின் விடுதலைக்குப் போன ஆள், இந்தியாவுக்கும் திரும்பவில்லை, இங்கேயும் குடியுரிமை வாங்கவில்லை. ஏன் வாங்கவில்லை என்று கேட்டால் பாட்டி, “எழுதிக் குடுக்க ஆள் இல்ல” என்றார். அதற்குப் பின்னால் பெரிய தத்துவம் எதுவும் இல்லை.

போருக்குப் பிந்தைய வருஷங்களையும் விடாதீர்கள், பட்டாளம் அதில்தான் தெரியும். 1946, 47ல் கெடாவில் தொண்டர் படை என்று இளைஞர்கள் சேர்ந்து தோட்டங்களில் கள்ளுக்கடையை மூடச் சொல்லிப் போராடினார்கள். ராணுவத்திலிருந்து திரும்பியவர்களின் பழக்கம், அணிவகுப்பு எல்லாம் அதில் இருந்தது. எங்கள் தோட்டத்தில் தொண்டர் படை வந்ததா என்று பெரியத்தைக்குத் தெரியாது. ஆனால் சாயங்காலம் தாத்தா லயத்துப் பையன்களை வரிசையில் நிற்க வைத்துக் கம்பு பிடிக்கப் பழக்கியதும், கள்ளுக்கடைக்குப் போகிற வழியில் போய் நின்றுகொண்டதும் தெரியும். பிறகு தொழிற்சங்கத்தில் சந்தா வசூலித்தார்.

பதிவு செய்யும்போது ஒன்று. கணவன் மனைவி இரண்டு பேரும் இருந்தால் தனித்தனியாகக் கேளுங்கள். சேர்ந்து உட்கார்ந்தால் ஒருவர் பேசுவார், மற்றவர் ‘அதெல்லாம் எதுக்கு இப்போ’ என்று மறிப்பார். அதேபோல் குடும்பம் வெளியில் போக வேண்டாம் என்று சொல்வதை வெளியில் விடாதீர்கள். தாத்தா போன பிறகு பிறந்த குழந்தை அவர் திரும்புவதற்குள் போய்விட்டது. அதைப் பற்றிப் பாட்டி பேசிய பகுதியை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று பெரியத்தை சொல்லிவிட்டார். சரி என்று தனியாக எடுத்து வைத்துவிட்டேன். மற்றதைக் காப்பகத்துக்குக் கொடுக்கலாம். பழைய கேசட் இருந்தால் இந்த வருஷமே டிஜிட்டலாக மாற்றுங்கள். நாடா ஒட்டிக்கொண்டால் ஓட்டவே முடியாது.

கடைசியாகக் காசு விஷயம். இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர்களுக்கு இந்திய அரசின் தியாகிகள் ஓய்வூதியம் உண்டு என்பது உண்மை. அது அவருக்கு, அவருக்குப் பின் மனைவிக்கு, கல்யாணம் ஆகாத மகளுக்கு என்ற வரிசையில் போகும். பேரப்பிள்ளைகளுக்குக் கிடையாது. ‘நிலுவைத் தொகை வாங்கித் தருகிறேன், முன்பணம் கட்டுங்கள்’ என்று ஒரு ஏஜெண்ட் எங்கள் சித்தப்பாவை ஒரு மாதம் சுற்றினார். அதேபோல் இணையத்தில் ஆசாத் ஹிந்த் பதக்கம் என்று விற்கிறார்கள். நிஜப் பதக்கங்கள் ஐரோப்பாவில் செய்தவை, சாதாரணச் சிப்பாய் கைக்கு வந்தது மிகவும் அபூர்வம், சந்தையில் ஓடுவதில் போலிதான் அதிகம். என் தம்பி ஒன்றை வாங்கித் தாத்தா படத்துக்குக் கீழே மாட்டலாம் என்றான். வேண்டாம், அந்தக் காசுக்கு ஈப்போ போய்ப் பெரியத்தையைப் பார்த்துவிட்டு வா என்றேன். போனான். ரெக்கார்டரை எடுத்துப் போகவில்லை.